மான் வேட்டைக்கு லீவர் துப்பாக்கி: வின்செஸ்டரா, மார்லினா, சாவேஜா?

அக்டோபர் பிறந்தால் போதும், எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் வரும். "அண்ணா, பழைய மாடல் லீவர் துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வின்செஸ்டர் நல்லதா, மார்லின் நல்லதா?" லீவர் என்பது விசைக்கடியில் இருக்கும் நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியேறி அடுத்தது ஏறும். வின்செஸ்டர், மார்லின், சாவேஜ் மூன்றும் இந்த வகைக்குப் பேர்போன அமெரிக்கக் கம்பெனிகள். பென்சில்வேனியாவுக்கு வந்து இருபது வருடம், மான் தேடிக் காட்டுக்குள் போக ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் என்பதால் நம் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் பிட்ஸ்பர்க் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பி. முக்கால் மணி நேரம் பேசியும் தீரவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கிக்கு முன்னால் விசாவைப் பார்த்துவிடுவோம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பரிடம் இரவல் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும், அதனால் அலட்சியமாக இருக்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் துப்பாக்கியைத் தருவார்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்பே குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, லீவர் எதற்கு என்ற கேள்வி. துல்லியமும் சிக்கனமும்தான் முக்கியம் என்றால் 308 என்ற அளவுத் தோட்டா போடும் சாதாரண போல்ட் துப்பாக்கியே (பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை) போதும். பாதி விலைக்குக் கிடைக்கும், 250 கஜம் வரை கவலையில்லாமல் சுடலாம். ஆனால் எங்கள் காடு அப்படிப்பட்ட காடு இல்லை. ஹெம்லாக் மரமும் மவுண்டன் லாரல் புதரும் அடைத்துக்கொண்டு நிற்கும் மலைச்சரிவில், மான் கண்ணில் படுவதே ஐம்பது, எழுபது கஜத்தில்தான். அதுவும் நின்று தரிசனம் தராது. இரண்டு மரத்துக்கு நடுவே நான்கு நொடி தெரியும், அவ்வளவுதான். அங்கே குட்டையான, தட்டையான, தோளுக்குச் சட்டென்று ஏறுகிற துப்பாக்கிதான் கைகொடுக்கும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு அனுமதி கிடையாது. கையால் இயக்குகிற வகையில், போல்ட்டைவிட வேகமாக இரண்டாவது குண்டை ஏற்றுவது லீவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அது சமமாக ஒத்துழைக்கும்.

நம் தம்பிக்கு வேண்டியது 30-30 தோட்டா. 1895-இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்தது. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கென்று புகையில்லா வெடிமருந்தோடு வந்த முதல் சிறுகுழல் தோட்டா அதுதான். கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு. 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2,390 அடி, 170 கிரெய்ன் குண்டு 2,200 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், இருநூறாவது கஜத்தில் குண்டு ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். அதனால் 150 கஜத்தோடு நிறுத்திக்கொள்வது என் கணக்கு. தோள் வலிக்காத உதை. முதல்முறை சுடுபவர் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்க மாட்டார். இதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

இந்தத் தோட்டாவின் குண்டு ஏன் மொட்டையாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மூன்று துப்பாக்கிகளின் வித்தியாசமும் பாதி புரிந்துவிடும். வின்செஸ்டரிலும் மார்லினிலும் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு குழாய்க்குள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தில், சரியாக நெருப்புமூட்டியின் மேல் முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால், உதையின் அதிர்ச்சியில் அது ஊசிபோல் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் மொட்டை மூக்கு. 2006-இல் ஹார்னடி கம்பெனி ரப்பர் போல மெத்தென்ற நுனி வைத்த குண்டைக் கொண்டுவந்தது. அது குழாய்க்கும் ஆபத்தில்லை, காற்றையும் கொஞ்சம் நன்றாகக் கிழித்துப் போகும். கடையில் வேறு எந்தக் கூர்மூக்குத் தோட்டா மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மொட்டைக் குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று பலர் சொல்வார்கள். போகாது. எந்தக் குண்டும் குச்சியில் பட்டால் திசை மாறும். நடுவே இலைதழை இருந்தால் சுடாமல் விட்டுவிடுவதுதான் முறை.

இனி வின்செஸ்டர் 94. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது, 1894-இல் வந்தது, எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் காட்டுக்கு எடுத்துப்போனதும் இதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய 1950களின் துப்பாக்கியை இரவலாகக் கொடுத்தார். மூன்று கிலோதான் இருக்கும். நடுப்பகுதியில், லீவருக்குச் சற்று முன்னால் ஒரு கையால் பிடித்தால் அப்படியே தராசு போல நிற்கும். நாள் முழுக்க மலையேறி இறங்கினாலும் கையில் இருப்பதே தெரியாது. அந்த விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் வாரம், மேகமூட்டம், சாயங்காலம் நாலேகால். எழுபது கஜத்தில் ஒரு ஆண்மான் ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தது. துப்பாக்கி தோளுக்கு வந்தது, பின்குறியின் பள்ளம் மட்டும் தெரியவே இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, வெள்ளெழுத்து வந்து ஒரு வருடம். பின்குறி பஞ்சுபோல் கலங்கியது, முன்குறியின் மணி மானின் பழுப்பு நிறத்தில் கரைந்தது. தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். சுடவில்லை. மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கதையைக் கேட்ட பெரியவர், "சுடாமல் விட்டது சரி. உனக்குத் துப்பாக்கி தப்பு" என்றார்.

வின்செஸ்டரின் பெரிய சிக்கல் அதுதான். காலித் தோட்டாவை நேர் மேலே தூக்கி எறியும் அமைப்பு என்பதால், குழலுக்கு மேலே தாழ்வாக ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்ட முடியாது. பக்கவாட்டில் மாட்டலாம், அல்லது முன்னால் தள்ளி நீள்பார்வை ஸ்கோப் வைக்கலாம். இரண்டுமே துப்பாக்கியின் அழகையும் சமநிலையையும் கெடுக்கும். 1980களின் தொடக்கத்திலிருந்து சாய்வாக எறியும் அமைப்பு வந்தது, அந்த மாடலில் ஸ்கோப் மாட்டலாம். பழையதுதான் வேண்டும் என்றால் பீப் சைட் என்கிற துளைக்குறி நல்ல வழி. சின்ன வளையத்தின் வழியாகப் பார்த்தால் போதும், கண் தானாக நடுவைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளெழுத்துக்காரர்களுக்குப் பின்குறிப் பள்ளத்தைவிட இது எவ்வளவோ மேல். இருட்டும் நேரத்தில் மட்டும் இதுவும் திணறும்.

1964 என்ற வருடத்தை விற்பவர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள். அந்த வருடம் வின்செஸ்டர் செலவைக் குறைக்க, கடைந்து செய்த பாகங்களுக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்தவற்றையும் உள்ளீடற்ற ஆணிகளையும் வைத்தது உண்மை. உடல்பகுதியின் உலோகமும் மாறியதால், அதற்குப் பிறகு வந்தவற்றில் கருநீலப் பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசுவது சிரமம். பிறகு படிப்படியாகப் பலவற்றைச் சரிசெய்தார்கள். 1964-க்கு முந்தையதற்கு ஆயிரம் டாலரைத் தாண்டிக் கேட்பார்கள். சேகரிப்பவருக்கு அந்த விலை நியாயம். காட்டுக்குப் போகிறவருக்கு 1970களின் பிற்பகுதித் துப்பாக்கியும் அதே மானை அதே மாதிரி வீழ்த்தும். நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடப்பட்டது. இப்போது புதிதாக வருவது ஜப்பானில் மிரோகு கம்பெனி செய்வது. வேலைப்பாடு அருமை, விலையும் அதற்கேற்ற மாதிரி.

நான் கடைசியில் வாங்கியது மார்லின் 336. இந்தப் பெயரில் 1948-இல் வந்தது, ஆனால் வேர் 1893 மாடலில் இருக்கிறது. மேல்பக்கம் முழுக்க மூடிய கெட்டி இரும்பு, காலித் தோட்டா வலப்பக்கமாகத் தெறிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தால் மூன்று நன்மை. ஸ்கோப்பை நேர் மேலே, தாழ்வாக மாட்டலாம். 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தவற்றில் அதற்கான துளை ஆலையிலேயே போட்டிருக்கும். பனி கொட்டும்போதோ மரத்திலிருந்து ஊசியிலை உதிரும்போதோ உள்ளே எளிதில் விழாது. மூன்றாவதைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்: லீவரின் ஒற்றைத் திருகைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் கையோடு வந்துவிடும், பின்பக்கத்திலிருந்தே குழலைத் துடைக்கலாம். வின்செஸ்டரில் அதற்கு ஏகப்பட்ட ஆணியும் திருகும் கழற்ற வேண்டும். அதற்குச் சோம்பி வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டுவிட்டுத் துடைத்தே பல பழைய வின்செஸ்டர்களின் குழல்வாய் தேய்ந்திருக்கிறது.

குறையும் உண்டு. கொஞ்சம் பருமன், கொஞ்சம் எடை. ஸ்கோப்போடு சேர்த்தால் மூன்றரை கிலோவுக்கு மேல் போகும், நடுவில் பிடித்து நடக்கவும் முடியாது. ஸ்கோப் வந்ததும் சுத்தியல் (கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைப்பது, விசையை அழுத்தினால் முன்னால் அடித்துத் தோட்டாவை வெடிக்க வைப்பது) அதற்கடியில் ஒளிந்துகொள்ளும், கையுறை போட்ட கட்டைவிரலுக்கு எட்டாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கொக்கியை சுத்தியலில் திருகி மாட்டினால் தீர்ந்தது. இருபது முப்பது டாலர்தான், கட்டாயம் மாட்டுங்கள்.

மார்லின் வாங்கும்போது பிறந்த வருடம் பார்க்க வேண்டும். மார்லினின் பழைய ஆலை இருந்த நார்த் ஹேவனில் செய்தவற்றில் குழலின் இடப்பக்கம், உடல்பகுதியை ஒட்டி, ஜே.எம். என்ற இரண்டெழுத்து முத்திரை சின்னதாக இருக்கும். 1970களின் தொடக்கத்துக்குப் பிந்தையதென்றால் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழியுங்கள், வருடம் கிடைக்கும். என்னுடையது 24-இல் ஆரம்பிக்கிறது, அதாவது 1976. கம்பெனி 2007 கடைசியில் ரெமிங்டன் கைக்குப் போனது, வேலை நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகருக்கு மாறியது. பழைய ஆட்களும் பழக்கமும் கூடவே போகவில்லை. அந்த ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் மரமும் இரும்பும் சரியாகப் பொருந்தாதவை, குறி கோணலானவை இருந்தன என்பது இந்த வட்டாரத்தில் ஊரறிந்த பேச்சு. கடைசிக் காலத்தில் தேறிவிட்டது. ரெமிங்டன் காலத்தவற்றின் வரிசை எண் எம்.ஆர். என்று தொடங்கும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, கையில் எடுத்து இயக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2020-இல் ரூகர் கம்பெனி மார்லினை வாங்கியது. 336 கிளாசிக் 2023-இல் திரும்பி வந்தது, எண் ஆர்.எம். என்று தொடங்கும். அதன் வேலைப்பாட்டைக் கடையில் தடவிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தபோது விலை ஆயிரத்து இருநூறு டாலர் வாக்கில் இருந்தது.

பணம் இறுக்கம் என்றால் கிளென்ஃபீல்ட் என்ற பெயரைத் தேடுங்கள். மார்லினின் மலிவுப் பதிப்பு. வால்நட்டுக்குப் பதில் பிர்ச் மரம், உள்ளே இருப்பது அதே 336.

மூன்றாவது, சாவேஜ் 99. மூன்றில் அழகு எது என்றால் நான் தயங்காமல் இதைக் காட்டுவேன். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் என்பவரின் மூளை. வெளியே சுத்தியலே கிடையாது. குழாய்க்குப் பதில் உள்ளே ராட்டினம் போலச் சுழலும் பித்தளைத் தோட்டா உருளை. இடப்பக்கத்தில் ஒரு சிறு துளை, அதில் எண் தெரியும். ஒரு தோட்டா போனால் எண் ஒன்று குறையும். தோட்டாக்கள் ஒன்றையொன்று முட்டாததால் கூர்மூக்குக் குண்டு போடலாம். 1899-இலேயே இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. 1920-இல் வந்த 300 சாவேஜ் தோட்டாவும், பின்னாளில் இதே துப்பாக்கியில் வந்த 308-உம், 30-30-க்கு எட்டாத தூரத்துக்குப் போகும். உங்கள் வேட்டை சோளக்கொல்லை ஓரத்திலும் மின்கம்பிப் பாதையிலும் என்றால், லீவரும் வேண்டும் இருநூறு கஜமும் வேண்டும் என்றால், இதுதான்.

ஆனால் 1990களின் கடைசியோடு உற்பத்தி நின்றுவிட்டது. உதிரி பாகம் தேடி அலைய வேண்டும், உள்ளே கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் குறைவு. 303 சாவேஜ் என்று குழலில் எழுதியிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள், தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. 308 எழுதியிருந்தால் எந்த ஊர்க் கடையிலும் தோட்டா உண்டு.

இந்த மாடலில் ஒன்றை நான் ஏறக்குறைய வாங்கிவிட்டேன். ஒரு கடையில் மெழுகு தடவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். "மரத்தில் விரிசல் இல்லையே?" என்று கேட்டேன், "சுத்தமாக இல்லை" என்றார் விற்பவர். போன் டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்து, இரும்பின் வால்பகுதி மரத்துக்குள் இறங்குகிற இடத்தைப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு கோடு, ஒரு அங்குல நீளம். நகத்தால் தடவினால் மெழுகு உதிர்ந்தது. 99-இல் கட்டை விரிசல் விடுவது எப்போதும் அந்த இடத்தில்தான். பழைய துப்பாக்கி எதுவானாலும் முதலில் அங்கே பாருங்கள். அப்புறம் திருகுகளின் பள்ளம் சிதைந்திருக்கிறதா, யாராவது சொந்தமாகத் துளை போட்டிருக்கிறார்களா, குழல்வாயின் விளிம்பு ஒரே சீராக இருக்கிறதா, மரமும் இரும்பும் சேரும் ஓரத்தில் துரு எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு, வெற்றுத் துப்பாக்கி என்பதை உறுதி செய்துகொண்டு, வெளியே சுத்தியல் உள்ள துப்பாக்கி என்றால் அதைப் பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள். விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பாதிநிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பழைய வின்செஸ்டர், மார்லின் இரண்டிலும் வேறு பாதுகாப்புப் பூட்டு கிடையாது. மானைப் பார்த்துச் சுத்தியலை முழுசாகப் பின்னுக்கு இழுத்துவிட்டீர்கள், மான் போய்விட்டது. இப்போது கட்டைவிரலால் சுத்தியலை இறுக்கிப் பிடித்து, விசையை அழுத்தி, மெதுவாக முன்னுக்கு விட்டு, பாதியில் நிறுத்த வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே குளிர், விரல் மரத்திருக்கும், கையுறை வழுக்கும். குழல் மண்ணைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், கையுறையைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில் நூறு தடவை பழகாமல் காட்டுக்குப் போகாதீர்கள். மார்லினில் 1984 வாக்கிலும், வின்செஸ்டரில் 1992-இலும் குறுக்குப் பொத்தான் பூட்டு வந்தது. பழம் விரும்பிகள் அதைத் திட்டுவார்கள். முதல்முறை வாங்குகிறவருக்கு அது இருப்பது நல்லது என்பது என் எண்ணம். பூட்டைத் தள்ள மறந்து, சுத்தியல் டக்கென்று அடித்து மான் ஓடிவிடும் நாளும் வரும். அந்த மான் போனால் போகட்டும்.

ஹென்றி, பிரௌனிங் பி.எல்.ஆர். என்று வேறும் இருக்கின்றன. ஹென்றி வழவழவென்று ஓடும், பக்கவாட்டில் ஏற்றும் வாசல் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பி.எல்.ஆர். கழற்றும் பெட்டியில் 308 போடும், நல்ல துப்பாக்கி. ஒஹையோவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே மான் வேட்டைக்கு நேர்ச்சுவர்த் தோட்டா மட்டும்தான். 30-30-இன் கழுத்து ஒடுங்கியிருப்பதால் அது செல்லாது. 45-70 அல்லது 360 பக்ஹேமர் போடும் லீவரைப் பார்க்க வேண்டும்.

என் மார்லினில் இரண்டரை மடங்கு பெரிதாக்கும் சின்ன ஸ்கோப் இருக்கிறது. அதற்கு மேல் காட்டில் தேவைப்பட்டதில்லை. போன வருடம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை, சீசன் முதல் நாள். ஆரஞ்சுத் தொப்பியும் மேலாடையும் போட்டுக்கொண்டு விடியுமுன் பரணில் ஏறி உட்கார்ந்தேன். எட்டரை மணிக்கு லாரல் புதரிலிருந்து ஒரு ஆண்மான் இறங்கி வந்தது. கொம்பின் ஏதாவது ஒரு பக்கத்திலாவது மூன்று கிளை இருந்தால்தான் எங்கள் பகுதியில் சுடலாம். ஸ்கோப்பில் நிதானமாக எண்ண முடிந்தது, நான்கு. அறுபது கஜம். முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தேன். ஒரே குண்டு, நாற்பது கஜம் ஓடி விழுந்தது. லீவரை உடனே இயக்கி அடுத்ததை ஏற்றிவிட்டுத்தான் இரத்தத் தடத்தைப் பார்க்க இறங்கினேன். பெரியவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. பின்சப்பை அவர் வீட்டுக்குப் போனது. மீதி எங்கள் வீட்டில் மிளகு வறுவலானது. மான்கறியில் கொழுப்பே இருக்காது, நல்லெண்ணெயைத் தாராளமாக விட வேண்டும்.

சரி, பிட்ஸ்பர்க் தம்பிக்கு வருவோம். வயது நாற்பத்திரண்டு, கண்ணாடி போட்டவர், வேட்டை அலெகெனி காட்டுப் பக்கம், கையில் தொள்ளாயிரம் டாலர். அவருக்கு 1970களின் மார்லின் 336, இல்லையென்றால் கிளென்ஃபீல்ட், கூடவே சின்ன ஸ்கோப். கண் நன்றாகத் தெரிகிற, பரணில் உட்காராமல் நாளெல்லாம் நடந்தே வேட்டையாடுகிற இளையவர் கேட்டிருந்தால் துளைக்குறி மாட்டிய வின்செஸ்டரைச் சொல்லியிருப்பேன். சாவேஜை யாருக்கும் முதல் துப்பாக்கியாகச் சொல்ல மாட்டேன்.

தம்பி, வாங்கியதும் ஒரே வகைத் தோட்டாவில் நான்கைந்து பெட்டி சேர்த்து எடுத்துவிடுங்கள். இரண்டு பெட்டியைச் சுடுகளத்தில் தீர்த்துவிட வேண்டும், மேஜைமேல் வைத்துப் பாதி, நின்றுகொண்டு பாதி. அடுத்த சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கடைக்குப் போகுமுன் ஒரு போன் போடுங்கள். டார்ச்சோடு வருகிறேன்.